வால்வோவா, பிக்கப்பா?

கோத்தகிரி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மழைக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்தில் இலை குவிகிறது, ஆள் கிடைப்பதில்லை. அதனால்தான் தாமதம். இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு ஊட்டிக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது.

அம்மாவோடு ஊருக்கே திரும்பி வரப்போகிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. உங்கள் வீட்டு வாசல் பேரிக்காய் மரம் இந்த வருஷமும் காய்த்திருக்கிறது.

சரி, வண்டி விஷயம். பழைய வால்வோ வி90 கிராஸ் கன்ட்ரியா, புது இசுசு வி-கிராஸ் பிக்கப்பா என்று கேட்டிருந்தாய். வால்வோவை எடு. பிக்கப் வைத்திருக்கிறவன் நான், அதனால்தான் சொல்கிறேன்.

பிக்கப்பின் பின்பக்கத்தைத் தாங்குவது லீஃப் ஸ்பிரிங், அடுக்கி வைத்த வளைந்த இரும்புப் பட்டைகள். பாரம் ஏற்றினால்தான் அது அடங்கும். போன ஐப்பசியில் குஞ்சப்பனைக்கு மேலே, தூறலில், என் பழைய பிக்கப்பைப் பாரமில்லாமல் மேலே ஓட்டிக்கொண்டு வந்தேன். வளைவில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் பின்சக்கரம் பிடியில்லாமல் சுற்றி, வண்டியின் வால் பக்கவாட்டில் இழுத்துவிட்டது. எதிரே கேரட் லாரி. அந்த டிரைவர் சட்டென்று நிறுத்தியதால் தப்பித்தேன். அன்றிலிருந்து பின்னால் இரண்டு மணல் மூட்டை கிடக்கிறது. எரு ஏற்றும் நாளில்தான் அவற்றை இறக்குவேன்.

நான்கு சக்கரத்துக்கும் இழுவை தரும் ஃபோர் வீல் டிரைவைப் போட்டுக்கொள்ளலாமே என்பாய். அந்த வகை பிக்கப்பில் அதைப் போட்டால் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். சேற்றில் அது வரம். காய்ந்த தார் ரோட்டில் கொண்டை ஊசி வளைவு திரும்பும்போது வண்டி முறுக்கிக்கொள்ளும், கியர் பெட்டிக்கும் கேடு. வால்வோவில் அந்தத் தொல்லை இல்லை, தேவைப்படும்போது பின்சக்கரத்துக்கும் தானே இழுவை போகும். தரைக்கும் அடிப்பாகத்துக்கும் 210 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. உங்கள் தோட்டத்து மண் பாதைக்கு அது தாராளம். நீளத்திலும் பிக்கப்பைவிட ஓர் அடிக்கு மேல் குறைவு. கோயில் பக்கத்துச் சந்தில் திரும்பும்போது அந்த ஓர் அடியின் அருமை தெரியும்.

ஆனால் அதில் இலை மூட்டை ஏற்றலாம் என்று நினைக்காதே. பறித்த இலைக்குக் காற்று வேண்டும். மூடிய வண்டிக்குள் அடைத்தால் சூடேறிச் சிவந்துவிடும், ஃபேக்டரியில் கழித்துவிடுவார்கள். அந்தக் கவலையும் உனக்கு வேண்டாம். இலை எடுக்கும் வண்டி ரோட்டோரத்துக்கே வருகிறது. எருவுக்கு என் பிக்கப் இருக்கிறது, வருஷத்துக்கு இரண்டு மூன்று நடைதானே.

பயம் ஒன்றே ஒன்று. 2017இல் 60 லட்சத்துக்கு வந்த வண்டி இது. உனக்கு விலை குறைத்துத் தருகிறார்கள், அதன் சாமான்களுக்கு யாரும் குறைத்துத் தரமாட்டார்கள். சஸ்பென்ஷன், சென்சார் என்று எது போனாலும் கோவைக்கு இறங்க வேண்டும். அதற்கென்று ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு வாங்கு. சர்வீஸ் புத்தகம் முழுதாக இருக்கிறதா என்று பார். அப்புறம் டயர். நான்கும் ஒரே கம்பெனி, ஒரே அளவு தேய்மானமாக இருக்க வேண்டும். இரண்டு புதுசு, இரண்டு பழசு என்று ஓட்டியிருந்தால், பின்சக்கரத்துக்கு இழுவை கொடுக்கும் பாகம் அடிவாங்கியிருக்கும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் நீயே ஸ்டார்ட் பண்ணிப் பார், முன்கூட்டியே சூடுபண்ணி வைக்க விடாதே.

முக்கியமாக அம்மா. மாசாமாசம் கோவை ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். போன முறை என் பிக்கப்பில் ஏற, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு முட்டியை மடக்க முடியாமல் நின்றார். நானும் என் மனைவியும் இரண்டு பக்கமும் தாங்கித்தான் ஏற்றினோம். வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, உதட்டை மட்டும் கடித்துக்கொண்டார். வால்வோ, கார் மாதிரித் தாழ்வான வேகன். அதில் பக்கவாட்டில் உட்கார்ந்து காலைத் திருப்பி உள்ளே வைத்துக்கொள்ளலாம்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அவரையும் கூட்டிப்போய், இரண்டு தரம் ஏறி இறங்கச் சொல்லிப் பார்.

உன்,
கோபால்