நிறுவன அனுபவம் பொது சுகாதாரத்தில் எங்கே கைகொடுக்கும், எங்கே இடறும்?

ஆசிரியருக்கு, வணக்கம்.

பெரிய நிறுவனங்களில் தலைமைப் பொறுப்பு வகித்துவிட்டு, சமூகப் புத்தாக்கம், உலக சுகாதாரம் என்று அடுத்த கட்டத்துக்குப் போகிறவர்களைப் பற்றிய கட்டுரைகள் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. பதவிகளும் விருதுகளும் அவற்றில் வரிசையாக வந்துவிடுகின்றன. அங்கே போய் என்ன வேலை செய்தார் என்பதுதான் விடுபட்டுப்போகிறது. மருந்தும் தடுப்பூசியும் கடைசி ஊர்வரை போய்ச் சேர்கிறதா என்று பார்க்கும் வேலையில் இருப்பவர்கள் நாங்கள். அந்த விடுபட்ட பகுதியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

நிறுவன அனுபவம் நன்றாகக் கைகொடுக்கும் இடம் கையிருப்புக் கணக்கு. ஒரு சுகாதார நிலையத்தில் 6 மாதத்தில் 300 அட்டை மாத்திரை செலவானதாகப் பதிவேடு சொல்கிறது என்று வையுங்கள். 300-ஐ 6-ஆல் வகுத்து மாதத்துக்கு 50 என்று எழுதிவிடுகிறார்கள். அந்த 6 மாதத்தில் 2 மாதம் மருந்தே இல்லை என்றால், உண்மையான தேவை 300-ஐ 4-ஆல் வகுத்து வரும் 75. கேட்ட சரக்கு வந்துசேர 3 மாதம் ஆகும் என்றால், கையில் 225 அட்டை இருக்கும்போதே அடுத்ததைக் கேட்க வேண்டும். அவசர இருப்பு அதற்கு மேல் தனி. 50 என்ற கணக்கை நம்பினால் இருப்பு 150-க்கு இறங்கும்வரை காத்திருப்பார்கள். அது 2 மாதத்தில் தீர்ந்துவிடும். மூன்றாம் மாதம் அலமாரி காலி. அந்தக் காலி மாதமும் சேர்ந்து அடுத்த சராசரியை இன்னும் கீழே இழுக்கும். கடையில் சரக்கு தீர்ந்தால் வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போவார், விற்பனை சரிந்தது உடனே தெரியும். சுகாதார நிலையத்தில் மருந்து இல்லையென்றால் தாய் குழந்தையோடு வீடு திரும்பிவிடுவார். எந்தப் பதிவேட்டிலும் அது ஏறாது. மருந்து இல்லாத நாட்களைத் தனியாக எழுதவைப்பது ஒன்றே, பல செயலிகளைவிட அதிகம் சாதிக்கும் என்பது எங்கள் கருத்து.

இடறும் இடங்களும் உண்டு. வணிகத்தில் பொருளைத் தேர்ந்தெடுப்பவரும் காசு கொடுப்பவரும் பயன்படுத்துபவரும் பெரும்பாலும் ஒருவரே. இங்கே நன்கொடையாளர் காசு கொடுக்கிறார், அரசு தேர்ந்தெடுக்கிறது, பயன்படுத்துவது வேறொருவர். அவருக்குப் பிடிக்காத பொருளும் ஆண்டுக்கணக்கில் வாங்கப்பட்டுக்கொண்டே இருக்கும்.

ஜாம்பியாவில் கோலாலைஃப் என்ற அமைப்பு செய்ததைப் பார்க்கலாம். குளிர்பான பாட்டில் போகாத குக்கிராமம் இல்லை. அந்தப் பெட்டிகளில் பாட்டில்களுக்கு இடையே இருக்கும் இடுக்கிலேயே வயிற்றுப்போக்கு மருந்தையும் அனுப்பலாம் என்று தொடங்கினார்கள். உலகமே மெச்சிய யோசனை. நடைமுறையில் இடுக்கில் போன பொட்டலங்கள் சொற்பம். சில்லறைக் கடைக்காரருக்கு லாபம் கிடைத்ததால், அவரே மொத்தக் கடைக்குப் போய் வாங்கிவந்தார். அதைவிட முக்கியம், பொட்டலத்தை மாற்றியது. வழக்கமான ஓ.ஆர்.எஸ். (நீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலம் 1 லிட்டர் தண்ணீருக்கானது. வீட்டில் 1 லிட்டரைச் சரியாக அளக்கப் பாத்திரம் இருப்பதில்லை. தண்ணீர் குறைந்தால் உப்பு கூடிக் குழந்தைக்கு ஆபத்து. கூடினால் பலன் குறையும். கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது, மிச்சமெல்லாம் வீண். அதனால் 200 மில்லி பொட்டலமாக்கி, அதை வைத்து விற்ற டப்பாவையே அளவுக் குவளையாக்கினார்கள். கூடவே துத்தநாக மாத்திரையும் வைத்தார்கள். அந்த மாத்திரையை 10 முதல் 14 நாள் கொடுக்க வேண்டும். வயிற்றுப்போக்கு நின்றதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள் என்பது எங்குமுள்ள சிக்கல். முதல் யோசனை பலிக்கவில்லை என்பதை மறைக்காமல் வெளியே சொன்னதற்காகவே அந்த அமைப்பை மதிக்கிறோம்.

அடுத்தது, காலம். மெர்க் மருந்து நிறுவனத்தின் தலைவராக இருந்த மருத்துவர் ராய் வேஜலோஸ், புழுவால் வரும் ஆற்றுக் குருட்டு நோய்க்கான ஐவர்மெக்டின் மருந்தைத் தேவைப்படும் காலம்வரை இலவசமாகத் தருவதாக 1987-இல் அறிவித்தார். பெரிய முடிவு, சந்தேகமில்லை. ஆனால் அந்த மருந்து குஞ்சுப் புழுக்களைத்தான் அழிக்கும். தாய்ப்புழு உடலில் 10 முதல் 15 ஆண்டு உயிரோடு இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது, விடாமல், ஊர் முழுவதுக்கும் கொடுக்க வேண்டும். எடைக் கருவி இல்லாத ஊர்களில் உயரம் அளக்கும் கோலை வைத்து மாத்திரையின் எண்ணிக்கையை முடிவு செய்தார்கள். கொடுப்பவரையும் கொடுக்கும் நாளையும் ஊராரே தேர்ந்தெடுத்தார்கள். நோய் பரவல் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்த முதல் நாடு கொலம்பியா, அது 2013-இல். மூன்றாண்டுத் திட்டமும் காலாண்டு அறிக்கையுமாகப் பழகியவர்கள் திணறுவது இங்கேதான்.

இன்னொரு இடறல் தடுப்பூசியில். எல்லோரும் வெப்பத்துக்குப் பயப்படுகிறார்கள். ஹெபடைடிஸ் பி, ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் போன்ற தடுப்பூசிகள் உறைந்தாலும் கெட்டுவிடும். குப்பியில் ஒட்டிய நிறம் மாறும் அடையாளம் வெப்பத்தை மட்டுமே காட்டும், உறைந்ததைக் காட்டாது. உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பொதியை அப்படியே தடுப்பூசிப் பெட்டிக்குள் வைப்பதால்தான் பல இடங்களில் இது நடக்கிறது. பொதியைக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்கும்வரை வெளியே வைத்திருந்தால் போதும்.

அடுத்த முறை இத்தகைய ஒருவரைப் பேட்டி காணும்போது சில கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுமாறு தங்கள் நிருபர்களைக் கேட்டுக்கொள்கிறோம். நன்கொடை நின்றபின் அந்தப் பொருளுக்கு யார் காசு கொடுக்கிறார்கள்? உங்கள் திட்டம் நடந்த இடங்களில் மருந்து இல்லாத நாட்கள் ஆண்டுக்கு எத்தனையாகக் குறைந்தன? தொடங்கும்போது இருந்த யோசனையில் எதைக் கைவிட்டீர்கள், யார் சொல்லிக் கைவிட்டீர்கள்?

இப்படிக்கு,
மருந்து, தடுப்பூசி விநியோகப் பணியில் உள்ள வாசகர்கள்