நகம் கடிக்கும் கைக்கு வேறு வேலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி இப்போது தேவலை. கடலூர் வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது.

நீ அனுப்பிய நடன முகாம் விவரத்தைப் படித்தேன். ஆரோவில் பக்கம் இரண்டு நாள், மனம்போன போக்கில் ஆடி, வண்ணம் தீட்டி, பழைய பழக்கங்களை உதறிவிட்டு வரலாமாம். போகலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகப் போ. கட்டணத்தைப் பார்த்தால் நம் வீட்டு ஒரு மாத மளிகை வரும், அது வேறு கதை. ஆனால் நகம் கடிக்கிற பழக்கத்தை அங்கேயே போட்டுவிட்டு வரலாம் என்று மட்டும் நம்பிப் போகாதே.

நம் தெருக்கோடித் தையல்காரர் திரௌபதி அம்மன் திருவிழாத் தெருக்கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டுவாரே, அவரையே எடுத்துக்கொள். பகலெல்லாம் மிஷினில் குனிந்து முதுகு வளைந்துபோன மனுஷன். ராத்திரி அரிதாரம் பூசி, கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் என்று அத்தனை கட்டைகளையும் ஏற்றிவிட்டால் குனியவே முடியாது, குனிந்தால் கிரீடம் சரிந்துவிடும். இரண்டு பேர் திரை பிடிக்க, பின்னால் நின்று பாட்டெடுத்து, சலங்கைக் காலை ஓங்கி மிதிப்பார். திரை விலகியதும் சுற்றிச் சுற்றிக் கிறிக்கி போடுவார் பார், யார் இவர் என்று இருக்கும். விடிந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் பழையபடி அதே கூன். இன்னொரு மாதிரியும் நிற்கலாம் என்று உடம்பு ஒரு ராத்திரியில் தெரிந்துகொள்கிறது, அவ்வளவுதான். முகாமும் உனக்கு அந்த மட்டுக்கு உதவும்.

அதற்காக ஆட்டத்தில் மருந்தே இல்லை என்று சொல்லவில்லை. வாஷிங்டனில் மேரியன் சேஸ் என்ற நடனக் கலைஞர் 1942 முதல் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் நோயாளிகளோடு ஆடினார். பேசவே பேசாதவர்கள் எப்படி அசைகிறார்களோ அப்படியே தானும் அசைந்து அவர்களை நெருங்கினார். ஆனால் அது இரண்டு நாளில் முடித்துக்கொண்ட வேலை இல்லை, வருஷக்கணக்காகச் செய்தது.

உன் விஷயத்துக்கு வருகிறேன். சின்ன வயதில் உன் விரலில் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தோம். நீ பாவாடையில் துடைத்துவிட்டுக் கடித்தாய். கடிக்காதே, கடிக்காதே என்று வீடே சொன்னது. கடிக்காமல் அந்தக் கை என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. 1973இல் அஸ்ரின், நன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதற்கு ஒரு முறையை எழுதி வைத்திருக்கிறார்கள். முதலில் கை எப்போது வாய்க்குப் போகிறது என்று கவனிக்க வேண்டும். போகப் போகிறது என்று தெரிந்த நிமிஷமே, கடிக்க முடியாதபடி கைக்கு வேறொரு வேலை கொடுக்க வேண்டும். நகம் கடிப்பவர்களுக்கு விரல்களை மடக்கி இறுக்கிப் பிடிப்பது, மூன்று நிமிஷம் போல அப்படியே வைத்திருப்பது. ஆசை தணிந்ததும் விட்டுவிடலாம்.

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நீ நாட்டிய வகுப்பில் பிடித்த முஷ்டிதானே இது! நான்கு விரலும் உள்ளே, கட்டைவிரல் அவற்றின்மேல் படிந்து. கட்டைவிரலைத் தவிர வேறு நகம் வெளியே தெரியாது. டீச்சரின் தட்டுக்கழிச் சத்தத்துக்கு முழங்காலை மடக்கி அரைமண்டியில் நின்ற அந்த ஒரு மணி நேரமும் உன் விரல் வாய்ப்பக்கமே போனதில்லை, நான் மூலையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆபீஸ் மீட்டிங்கில் மேஜைக்கு அடியில் முஷ்டி பிடி. கொஞ்சம் பொறுத்து, சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக விரித்து, மலர்ந்த தாமரை மாதிரி அலபத்மத்துக்குக் கொண்டுவா. யாருக்கும் தெரியாது. வீட்டில் தனியாக இருக்கும்போது கையோடு காலையும் சேர்த்துக்கொள், தட்டடவு ஒரு நாலு போடு. கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தால் நான் பொறுப்பில்லை.

ராத்திரி போனைப் பார்த்துக்கொண்டே கடிப்பதற்கு எனக்குத் தெரிந்த வழி வேறு. இத்தனை வருஷம் ஓவிய வகுப்பு எடுத்தவள் சொல்கிறேன், கரித்துண்டு வாங்கி வைத்துக்கொள். பழைய செய்தித்தாளில் தோள் அசைய, கை போன போக்கில் பெரிது பெரிதாகக் கிறுக்கு. அழகாக வர வேண்டியதில்லை. விரல் பத்தும் கரியானால் போனையும் தொடமாட்டாய், வாயிலும் வைக்கமாட்டாய்.

அமெரிக்காவில் 39 பேரை 45 நிமிஷம் களிமண், மார்க்கர், படம் வெட்டி ஒட்டுவது என்று விருப்பப்படி செய்யவிட்டு, முன்னும் பின்னும் எச்சிலில் கார்ட்டிசோல் அளவைப் பார்த்திருக்கிறார்கள், மன அழுத்தம் கூடினால் உடம்பில் ஏறுகிற சுரப்பு அது. 2016இல் வந்த ஆய்வு. முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. முன்னே படம் வரைந்து பழகியவர், பழகாதவர் என்று வித்தியாசம் இல்லை. 39 பேர் என்பது சின்னக் கூட்டம்தான், அதைப் பெரிய சான்றாக நான் தூக்கிப் பிடிக்கவில்லை. படபடப்பில் கடிக்கிறவள் நீ என்பதால் சொன்னேன்.

எத்தனை நாள் என்று அடுத்து கேட்பாய். லண்டனில் ஓர் ஆய்வுக்காக 96 பேர் ஆளுக்கொரு புதுப் பழக்கத்தைத் தொடங்கினார்கள். அது தானாக வருகிற நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் என்று கணக்கு வந்தது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 வரைகூட ஆகும் என்று தெரிந்தது. நடுவில் ஒருநாள் தவறினால் குடி முழுகவில்லை. அதனால் ஒருநாள் கடித்துவிட்டால் போனில் அழாதே, மறுநாள் முஷ்டி பிடி.

முகாமுக்கு வருவதென்றால் முதல்நாளே கடலூர் வந்துவிடு, அங்கிருந்து பாண்டிச்சேரி பஸ் எத்தனையோ இருக்கிறது. அப்பா வில்லியனூர்ப் பக்கம் போகும்போது சுடுமண் வேலை செய்பவர்களிடம் பிசைந்த களிமண் கேட்டு வாங்கி வருகிறேன் என்கிறார். ஈரத்துணியில் சுற்றி ஊறுகாயோடு பார்சலில் போடட்டுமா, நீயே வந்து எடுத்துக்கொள்கிறாயா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்.

அன்புடன்,
அம்மா