மேற்குக் கண்ணாடி வேண்டாம் கண்ணா

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய பிளானை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். படிக்கட்டு வைத்த இடமும் மேல்மாடி அறைகளும் எனக்குப் பிடித்திருக்கின்றன. உறுத்துவது ஒன்றுதான்: கூடத்தின் மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. சூரியன் மறைவதை உட்கார்ந்தபடியே பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறாய். பார்க்கலாம்தான். ஆனால் கோடையில் நாலு மணிக்கு மேல் அந்தக் கூடத்தில் யாரும் உட்கார மாட்டீர்கள். இன்னும் கடைக்கால் தோண்டவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன். தோண்டியிருந்தால், சரி, நல்ல திரையாகப் பார்த்து வாங்கு என்று சொல்லிவிட்டு விட்டிருப்பேன்.

நீ இருக்குமிடம் ஏறக்குறைய 40 டிகிரி வடக்கு. அங்கே ஜூன் 21 நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 73.5 டிகிரி உயரத்தில் நிற்கும். டிசம்பர் 21-இல் 26.5 டிகிரிதான். இந்த இரண்டு எண்களை வைத்தே பாதி வீட்டை வரைந்துவிடலாம். தெற்குச் சுவரில் 60 செ.மீ. நீளும் சன்ஷேடு ஒன்று போட்டுப் பார். ஜூன் நண்பகலில் அதன் நிழல் சுவரில் 2 மீட்டர் இறங்கும். டிசம்பரில் வெறும் 30 செ.மீ. ஆகவே சன்ஷேடை ஜன்னலின் மேல்விளிம்பிலிருந்து 30 செ.மீ. மேலே தள்ளி வை. குளிர்காலத்தில் கண்ணாடி முழுவதும் வெயில் விழும். கோடையில் 1.7 மீட்டர் உயர ஜன்னல் முழுதும் நிழலில் இருக்கும். மோட்டார் இல்லை, சுவிட்ச் இல்லை, யாரும் எதையும் இழுத்து மூட வேண்டியதில்லை. தெற்கு பார்த்த வீட்டில் குளிர்கால வெயில் முன்கட்டுக்குள் வரும், கோடை வெயில் தலைக்கு மேலே போய்விடும் என்று சாக்ரடீஸ் சொன்னதாக அவருடைய சீடர் செனஃபோன் எழுதி வைத்திருக்கிறார். ஏறக்குறைய 2,400 ஆண்டுக்கு முந்தைய பேச்சு. உன் ஆர்க்கிடெக்ட் இதைப் புதுசு என்று சொன்னால் நம்பாதே.

மேற்கில் இந்தப் பருப்பு வேகாது. சாயங்கால வெயில் தாழ்ந்து, நேராக வரும். சன்ஷேடை எவ்வளவு நீட்டினாலும் அதன் அடியில் புகுந்துவிடும். அதிலும் உன் ஊரில் ஜூன் மாதச் சூரியன் நேர் மேற்கிலிருந்து 31 டிகிரி வடக்கே தள்ளி மறையும். குளிர்காலத்திலோ அதே அளவு தெற்கே. அதாவது வெயில் வேண்டாத காலத்தில் மேற்குக் கண்ணாடி சுடும். வேண்டிய காலத்தில் பெரிதாக எதுவும் தராது. உள்ளே திரை போட்டால் போதும் என்பாய். வெயில் கண்ணாடியைத் தாண்டிய பிறகு திரை சூடாகும், அந்தச் சூடு அறைக்குள்ளேதான் இருக்கும். நிழல் கண்ணாடிக்கு வெளியே விழ வேண்டும். அஸ்தமனம் கண்டிப்பாக வேண்டுமென்றால், உட்கார்ந்தால் கண் மட்டத்துக்கு வரும்படி குறுகலான ஜன்னல் ஒன்று வை. வெளியே மூடித் திறக்கிற பலகைக் கதவும் போடு. அழகுக்கு அது போதும்.

திசையை ஃபோனிலுள்ள காம்பஸை நம்பிக் குறிக்காதே. காந்த வடக்கும் மெய்யான வடக்கும் பல இடங்களில் ஒன்றாக இருப்பதில்லை. மனையில் ஒரு கம்பைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நட்டு, பதினொரு மணியிலிருந்து நிழல் நுனியைக் குறித்துக்கொண்டே வா. மிகக் குட்டையான நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அதுதான் வடக்கு. அது கடிகாரப் பன்னிரண்டில் வராது, குழம்பாதே. வீடு நேர் தெற்கிலிருந்து 15, 20 டிகிரி திரும்பியிருந்தாலும் பெரிய நஷ்டமில்லை.

தெற்குக் கண்ணாடி நல்லது என்றதும் சுவர் முழுக்க வைக்கிறேன் என்று கிளம்பாதே. உள்ளே வந்த சூட்டைப் பிடித்து வைக்கக் கனமான பொருள் ஏதும் இல்லாத வீட்டில், தெற்குக் கண்ணாடி தரைப்பரப்பில் 7 சதவீதத்தோடு நிற்க வேண்டும் என்பது கைக்கணக்கு. மீறினால் ஜனவரியிலேயே மத்தியானம் புழுங்கும், ராத்திரி நடுங்கும். கனமான தரை இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டலாம். பிளானில் கூடத்துக்குக் கார்ப்பெட் என்று போட்டிருக்கிறாய். அதை எடுத்துவிடு. வெயில் விழும் இடத்தில் 10 செ.மீ. கான்கிரீட்டும் மேலே கொஞ்சம் அடர்ந்த நிறத்தில் டைல்ஸும் இருக்கட்டும். பகலில் வாங்கிய சூட்டை அந்தத் தரை இரவில் விடும்.

இதையே சுவரில் செய்தவர்களும் உண்டு. கறுப்படித்த கனத்த சுவருக்கு முன்னால், சிறு இடைவெளி விட்டுக் கண்ணாடி. எட்வர்ட் மோர்ஸ் என்ற அமெரிக்கர் 1881-இலேயே இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் 1967-இல் பிரான்சில் பிரனீஸ் மலையிலுள்ள ஒதேய்யோவில் ஃபெலிக்ஸ் த்ரோம்ப் கட்டிய வீட்டால், அதற்கு த்ரோம்ப் சுவர் என்ற பெயரே நிலைத்துவிட்டது. 40 செ.மீ. கான்கிரீட் என்றால் நடுப்பகல் சூடு உள்பக்கம் வந்துசேர ஏறக்குறைய 10 மணி நேரம் ஆகும். தூங்கப் போகும் நேரத்துக்குச் சரியாக வரும். உனக்கு இது தேவைப்படாது. தெற்கே ஜன்னலும் நல்ல தரையும் போதும் என்பது என் எண்ணம்.

அப்புறம் காப்பு, அதாவது சூடு கசியாமல் சுவரிலும் கூரையிலும் வைக்கிற தடுப்பு. வெயிலை உள்ளே விட்டுவிட்டுச் சுவரையும் கூரையையும் ஓட்டையாக விடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். 1991-இல் ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட்டில் வொல்ஃப்காங் ஃபைஸ்ட் குழுவினர் கட்டி முடித்த வீடுகளில் பெரும்பங்கு வேலையைச் செய்தவை தடித்த காப்பும், காற்று கசியாத சந்துகளும், மூன்றடுக்குக் கண்ணாடியும்தான். அந்த வழியில் வந்த அளவுகோல், வீட்டைச் சூடாக்க ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 15 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம், அதற்கு மேல் கூடாது என்கிறது. காப்புக்குப் பணத்தைக் குறைத்துக் கண்ணாடிக்குக் கூட்டாதே.

கோடைக்கு ராத்திரிக் காற்றை நம்பலாம், உன் ஊரில் இரவு நன்றாகக் குளிர்கிறது என்பதால். கீழே எதிரெதிரே ஜன்னல், படிக்கட்டின் உச்சியில் திறக்கக்கூடிய வென்டிலேட்டர். சூடான காற்று மேலே போய் வெளியேறும், குளிர்ந்தது கீழே நுழையும், அந்தக் கனத்த தரையும் ஆறும். காலையில் எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும். இதைத்தான் பலரும் மறப்பார்கள். இரவும் பகலும் ஒரே புழுக்கமாக இருக்கிற ஊரென்றால் இதே யோசனையைச் சொல்லமாட்டேன். அங்கே லேசான சுவரும், நிழலும், ஓயாத காற்றோட்டமும்தான் கைகொடுக்கும்.

வெளிச்சத்துக்கு ஜன்னலின் அகலத்தைவிட உயரம் முக்கியம். தரையிலிருந்து ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ, அதைப்போல இரண்டு மடங்கு தூரம்வரை வெளிச்சம் உபயோகமாக வரும். உன் படிப்பறைக்கு வடக்கு ஜன்னல் நல்லது, கண் கூசாது. கூரையில் ஸ்கைலைட் வேண்டாம், ஜூன் வெயில் நேராக அதன் தலையில்தான் இறங்கும்.

கூரையில் பேனல் போட்டு ஏசி ஓட்டிக்கொள்கிறேன் என்றாய். போடு, எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் முதலில் ஏசிக்கு வேலையைக் குறை. பேனலும் குறைவாகவே போதும்.

சன்ஷேடுக்கும் ஒரு குறை உண்டு. ஆகஸ்ட் 21-இல் சூரியன் நிற்கும் உயரமும் ஏப்ரல் 21-இல் நிற்கும் உயரமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ஏப்ரலில் உனக்கு வெயில் வேண்டும், ஆகஸ்டில் வேண்டாம். சன்ஷேடுக்கு இது தெரியாது. அதற்குத்தான் தெற்கு ஜன்னலுக்கு முன்னால் பந்தல் போட்டு இலையுதிரும் கொடி ஏற்றச் சொல்கிறேன். ஏப்ரலில் அதில் இலை அதிகம் இருக்காது, ஆகஸ்டில் அடர்ந்திருக்கும்.

ஆர்க்கிடெக்டிடம் இரண்டு வேலை சொல். கூடத்தைத் தெற்குப் பக்கம் திருப்பி, ஜூன், டிசம்பர் வெயில் கோடுகளோடு ஒரு குறுக்குவெட்டுப் படம் வரையச் சொல். தெற்கே பக்கத்து வீட்டின் உயரத்தையும் தூரத்தையும் அதில் குறிக்கட்டும். டிசம்பர் நண்பகலில் நிழல் உயரத்தைப்போல இரண்டு மடங்கு நீளும், 6 மீட்டர் வீடு 12 மீட்டர் தூரத்தை மறைக்கும். படம் வந்ததும் எனக்கு அனுப்பு. அதுவரை கடைக்காலுக்கு ஆள் வரச் சொல்லாதே.

அன்புடன்,
அம்மா