டிக்கெட்டைக் கேன்சல் பண்ணு

கொழிஞ்சாம்பாறை,
ஆடி 5.

அன்புள்ள மணி,

ஓணத்துக்குள் நான் கட்டும் விமானத்துக்குத் துணி போர்த்திவிடுவேன், வந்து பார் என்று சொன்னேனே, ரயில் டிக்கெட் எடுத்திருந்தால் கேன்சல் பண்ணு. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் தங்கச்சிக்கு முட்டி வலி பரவாயில்லை. நாலு மாதமாக எழுதாததற்கு நேரில் திட்டிக்கொள்.

நடந்தது இதுதான். இறக்கையின் ரிப்புகளை, அதான் துணிக்கு உள்ளே விலா எலும்பு மாதிரி நிற்கும் சட்டங்களை, ஒட்ட என்னிடம் ஒரே ஒரு அச்சுதான். மெல்லிய ஸ்ப்ரூஸ் மரக் குச்சிகளை அதில் வளைத்து வைத்து, மூட்டுக்கு மூட்டு ப்ளைவுட் துண்டு வைத்து எபாக்ஸிப் பசை போட்டால், இறுகும்வரை எடுக்கக் கூடாது. ஒரு நாளைக்கு ஒரு ரிப்புதான். அதற்குள் இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. எனக்கோ ஓணக் கணக்கு.

ஆறு ரிப்புகளில் அவசரப்பட்டேன். குச்சி முனை பசையை உறிஞ்சிவிடும் என்று ராத்திரியே லேசாகப் பூசி வைத்து, காலையில் அதன் மேலேயே ஒட்டினேன். ஈரக் காற்றில் எபாக்ஸியின் மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் படியும். சோப்புத் தண்ணீர்த் துணியால் துடைத்து, காயவைத்து, உப்புத்தாள் போட்ட பிறகே ஒட்ட வேண்டும். தெரியும். செய்யவில்லை.

பசை கலக்கும்போதெல்லாம் இரண்டு சிறு குச்சிகளையும் அதே மாதிரி ஒட்டித் தேதி எழுதி வைப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை அவற்றை வைஸில் மாட்டிச் சுத்தியலால் தட்டினேன். நல்ல ஒட்டு என்றால் மரம்தான் நார் நாராகப் பிய்யும். இது டக்கென்று விட்டது. இரண்டு பக்கமும் கண்ணாடிப் பளபளப்பு, ஒரு நார்கூட இல்லை. ஒட்டு விட்டு விழுந்த நம் ஹாஸ்டல் கட்டில் ஞாபகம் வந்தது. சிரிக்காதே. அந்தக் கட்டில் ஒன்றரை அடி உயரம்தான்.

ஆறு ரிப்புகளையும் என் கையாலேயே முறித்தேன். நாலில் மூட்டு விட்டுவிட்டது, இரண்டு கெட்டியாக நின்றன. அதுதான் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிறது. வெளியே பார்த்தால் ஆறும் ஒரே மாதிரி இருந்தன, மணி. துணி போர்த்தியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

1903இல் ரைட் சகோதரர்களுக்கும் நவம்பர் கடைசியில் புரொப்பெல்லர் தண்டு விரிசல் விட்டது. அவர்கள் பறக்கப் போயிருந்த கிட்டி ஹாக்கில் குளிர் ஏறுகிறது, போட்டிக்கு விமானம் செய்த லாங்லி முந்திக்கொள்வாரோ என்ற கவலை வேறு. ஆனாலும் ஆர்வில் சொந்த ஊரான டேட்டனுக்குப் போய்ப் புது ஸ்டீல் தண்டு செய்துகொண்டுதான் திரும்பினார். அதற்குள் டிசம்பர் 8ஆம் தேதி லாங்லியின் விமானம் பொடோமாக் ஆற்றில் விழுந்தது. இவர்கள் 17ஆம் தேதி பறந்தார்கள். இதை உன் தங்கச்சியிடம் பெருமையாகச் சொன்னேன். "அவங்களுக்கு மூணு வாரம், உங்களுக்கு ஏழு வருஷம்" என்கிறாள்.

எஞ்சினை இன்னும் வாங்காததில் மட்டும் நான் கெட்டிக்காரன். இந்த மழையில் சும்மா கிடந்தால் சிலிண்டருக்குள் துருதான் ஏறும். டீக்கடையில் வேறு, "ஆடிக் காத்துல அம்மியே பறக்குமாம், உங்க வண்டி?" என்று தினமும் கேட்கிறார்கள். முன்பெல்லாம் கோபம் வரும். இப்போது நானும் ஒரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

மார்கழியில் வாளையார்ப் பக்கமிருந்து வறண்ட காற்று வரும். அப்போது மறுபடி ஒட்டுவேன், நீயும் அப்போது வா. வரும்போது கோயம்புத்தூரில் இறங்கி, ஒட்டை இறுக்கிப் பிடிக்க இரண்டு இன்ச் சி-கிளாம்ப் ஒரு டஜன் வாங்கிக்கொள், காசு தருகிறேன். ஒரு ரிப்பை உன் கையால் ஒட்டலாம். அதன் சோதனைக் குச்சியை மட்டும் நான்தான் உடைப்பேன்.

உன்
ராசு