மாரிக்கு முன் கிறவல் குழியைச் சீர்செய்வோம்: நன்கொடை வேண்டுகோள்

ஊர் உறவுகளுக்கும் வெளிநாடுகளில் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், வட்டைக்கு (வயல்வெளிக்கு) போகும் பாதையோரம் கிடக்கும் கிறவல் குழியை அறியாதவர் ஊரில் இல்லை. வீதி போட மண் எடுத்தார்கள். வீதி முடிந்தது, டிப்பர்களும் போய்விட்டன, குழி எங்களுக்கு மிஞ்சியது. கோடையில் அடியில் வெடித்த சேறு, மார்கழியில் விளிம்பு முட்டத் தண்ணீர். கரையைச் செங்குத்தாக வெட்டிவிட்டுப் போனதுதான் பெரிய வில்லங்கம். மழையில் ஊறியதும் அடிமண் கரைந்துவிடும். மேலே புல் முளைத்த விளிம்பு மட்டும் தாழ்வாரம்போல் நீட்டிக்கொண்டு நிற்கும். பார்வைக்கு நல்ல தரை. பட்டிக்காரர்கள் கம்பால் குத்திப் பார்த்த பிறகே அந்தப் பக்கம் மாட்டை விடுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் குத்திப் பார்ப்பார்களா?

ஒரு குழிக்கு இவ்வளவு கதையா என்று கேட்போருக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், பியூட் என்ற நகரில், பெர்க்லி என்ற திறந்தவெளிச் செம்புச் சுரங்கம் இருக்கிறது. 1955இல் தோண்டத் தொடங்கி 1982இல் கைவிட்டார்கள். நிலத்தடி நீரை இறைத்த பம்பிகளை நிறுத்தியதும் குழி நிரம்பியது. கந்தகம் உள்ள பாறையில் காற்றும் நீரும் பட்டு அமிலம் உண்டாகி, செம்பும் ஆர்செனிக்கும் அதில் கரைந்தன. 1995இல் அந்த நீரில் இறங்கிய பனிவாத்துகளில் 342 செத்துப்போயின. இன்றும் அங்கே தண்ணீரை இறைத்துச் சுத்திகரித்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்த வேலைக்கு முடிவு கிடையாது. எங்கள் குழியில் செம்பும் இல்லை, அமிலமும் இல்லை. ஒரே கோடைக்குள் வேலையை முடித்துவிடலாம்.

இலங்கையின் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க, சுரங்கங்கள், கனிப்பொருள்கள் பற்றிய சட்டப்படி மண் அகழ அனுமதிப்பத்திரம் வேண்டும். எங்கள் குழிக்கு அது யார் பெயரில் இருந்தது என்று கேட்டால் எல்லோரும் கையை விரிக்கிறார்கள். கேட்பதை நாங்கள் விடப்போவதில்லை. ஆனால் பதில் வரும்வரை மாரி பொறுத்திராது.

குழியை முழுதாக மூடும் எண்ணம் இல்லை. அவ்வளவு மண்ணுக்கு வேறெங்காவது இன்னொரு குழி தோண்ட வேண்டிவரும்! மூன்றடி நடந்தால் ஓரடி இறங்கும் சரிவாகப் பெக்கோவால் (மண் வெட்டும் இயந்திரத்தால்) கரையை வெட்டிவிட்டால், விழுந்த மாடும் தானாக ஏறிவரும். கோடையில் பட்டிக்குத் தண்ணீரும் கிடைக்கும். பாதைப் பக்கம் கொங்கிரீட் தூண் நட்டு முள்கம்பி அடிப்போம். சரிவில் வெட்டிவேரும் மருதங்கன்றும் வைப்போம்.

தூண், கம்பி, பெக்கோ வாடகை, டீசல் ஆகியவற்றுக்குத்தான் காசு தேவை. மற்ற வேலையெல்லாம் ஊராரின் சிரமதானம். விலைமதிப்பும் வங்கிக் கணக்கு விபரமும் கோயில் அறிவித்தல் பலகையில் இருக்கின்றன. வெளிநாட்டில் உள்ளவர்கள் வீட்டாரிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். காசாகத் தர வசதியில்லாதவர்கள் ஒரு தூண் வாங்கித் தந்தாலும் சரி. பற்றுச்சீட்டு இல்லாமல் யாரிடமும் காசு கொடுக்க வேண்டாம், குழு உறுப்பினர் என்றாலும்கூட.

ஆவணி முடிவதற்குள் பணம் சேர்ந்தால் நல்லது. புரட்டாதி பிறந்தால் பெக்கோக்காரர்கள் வயல் வேலைக்குப் போய்விடுவார்கள், அப்புறம் பிடிக்க முடியாது.

நன்றி.
குழி சீரமைப்புக் குழுவினர்