மணலில் ஓடும் பிள்ளைகளுக்கு ஒரு மைதானம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2022 அக்டோபரில் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பைக் கால்பந்து நம் நாட்டிலேயே நடந்தது. அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5 என்று நம் பிள்ளைகள் தோற்றபோது பலர் கேலி பேசினார்கள், எனக்கு மனசு கேட்கவில்லை.

பாம்பன் பக்கம் ஒரு சாயங்காலம் வந்து பாருங்கள். இரண்டு கம்பு நட்டு, கிழிந்த மீன்வலையைக் கட்டி, அதுதான் கோல் என்று வெறுங்காலோடு பெண் பிள்ளைகள் ஓடுகிறார்கள், கணுக்கால் வரை மணல் புதைகிற இடத்திலேயே அந்த வேகம் என்றால் புல்தரையில் எப்படி இருக்கும்! ஆனால் எட்டாம் வகுப்பு வந்ததும் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். உடை மாற்ற மறைவிடம் இல்லை, இருட்டினால் விளக்கு இல்லை, அப்புறம் வீட்டில் எப்படி விடுவார்கள்? என் மகளும் அப்படித்தான் நின்றாள்.

முன்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 16 அணிகளோடு நடந்த போட்டி, 2025 முதல் ஆண்டுதோறும் 24 அணிகளோடு மொராக்கோவில் நடக்கிறது. வாய்ப்பு கூடியிருக்கிற இந்த நேரத்திலாவது எங்கள் கடற்கரைக்கு விளக்கோடு ஒரு மைதானமும் ஒரு பெண் பயிற்சியாளரும் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய், பாம்பன்