காலை ஆறரை வரை ஷட்டர் இறங்கியே இருக்கட்டும்: மளிகைக்கடை அண்ணாச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி ஜங்ஷனிலும் டவுணிலும் வண்ணார்பேட்டையிலும் மேலப்பாளையத்திலும் பாளையங்கோட்டையிலும் மளிகைக் கடை வைத்திருக்கிற அண்ணாச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

நான் மீனாட்சிபுரத்துக்காரன். அப்பா போட்ட கடை, 22 வருஷமாக என் கையில் இருக்கிறது. காலை 5 மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் ராத்திரி பத்தரைக்குத்தான் இறக்குவேன். உங்கள் பாடும் அதுதான். சரக்கு விலை, ஜிஎஸ்டி, பெரிய கடைக்காரன் கொடுக்கிற தள்ளுபடி என்று எத்தனையோ கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறோம். நம்ம மேலை, அதாவது உடம்பைப் பற்றியும் மனசைப் பற்றியும் ஒரு நாளும் பேசினதில்லை. நேரில் சொன்னால் பாதியிலேயே யாராவது டீ சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நமக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. மீனாட்சிபுரம், கைலாசபுரம், சிந்துபூந்துறை எல்லாம் வெள்ளத்தில் தாமிரபரணி ஆறாகவே ஆகிவிட்ட ரெண்டு நாள். என் கடையில் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு ஷட்டரைத் திறந்ததும் வந்த அந்த வாசம், ஊறிப் புளித்த அரிசியும் மல்லிப்பொடியும் சேறும் கலந்தது, இன்னும் மூக்கில் இருக்கிறது. ஆனால் சரக்கு போனதைவிடப் பற்று நோட்டு போனதுதான் என்னை அடித்தது. மை கரைந்து பக்கமெல்லாம் நீலம். யார் எவ்வளவு தர வேண்டும் என்பது தண்ணீரோடு போய்விட்டது. சிலர் அவர்களாகவே வந்து, "அண்ணாச்சி, என் பேர்ல ஆயிரத்தி நானூறு நிக்கும்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். சிலர் சொல்லவில்லை.

பொங்கலுக்குள் கடை எழுந்து நின்றுவிட்டது. நான்தான் எழவில்லை.

ராத்திரி 3 மணிக்கு முழிப்பு வந்துவிடும். ஓடைச் சத்தம் கேட்டால் எழுந்து போய் வாசலைப் பார்ப்பேன். பகலில் எல்லார் மேலும் எரிச்சல். கடைப்பையன் பொட்டலத்தைச் சரியாகக் கட்டவில்லை என்று ஒரு தடவை கையை ஓங்கிவிட்டேன். அவனுக்கு 19 வயது. அப்புறம் ஒரு நாள் மத்தியானம் நம்ம தெரு ஆச்சி ஒருத்தி 100 உளுந்து கேட்டாள். "நூறு கிராமுக்கெல்லாம் தராசைத் தூக்கணுமா" என்று சொல்லி, பொட்டலத்தை அவள் முன்னால் போட்டேன். கொடுக்கவில்லை, போட்டேன். அவள் கோபப்படவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏ ஐயா, ஒனக்கு மேலுக்குச் சொகமில்லையா?" என்று கேட்டாள்.

பாருங்கள், மேலுக்குச் சொகமில்லை என்று சொல்ல நம்ம ஊரில் இவ்வளவு பதமான வார்த்தை இருக்கிறது. மனசுக்குச் சொகமில்லை என்றால் நமக்குத் தெரிந்தது கோட்டி, அதாவது பைத்தியம் என்ற ஒரே சொல்தான். அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் நான் நாலு மாதம் யாரிடமும் வாயைத் திறக்காமல் இருந்தேன். கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவனைக் கோட்டி என்று ஒருத்தன் சொல்லிவிட்டால் போதும், மொத்தச் சரக்குக்காரன் கடன் கொடுக்க யோசிப்பானே.

கடைசியில் டாக்டரிடம் போனேன். மனச்சோர்வு என்றார், மாத்திரை எழுதினார். கூடவே, "தினமும் அரை மணி நேரம் வேகமா நடங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சார், நான் பதினேழு மணி நேரம் நிக்கிறவன். மூட்டை தூக்குறவன். இதுக்கு மேல என்ன நடை?" என்றேன். அவர் அசரவில்லை. "அது கடைக்கு. இது உங்களுக்கு" என்றார்.

நீங்களும் இதைத்தான் சொல்வீர்கள் என்று தெரியும், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். கடைக்குள் நாம் செய்வதெல்லாம் உழைப்புதான், சந்தேகமில்லை. ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அடிக்குள் கல்லாவிலிருந்து அலமாரிக்கு நாலு எட்டு, திரும்ப நாலு எட்டு. மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு நிமிஷம்கூடக் கிடையாது. கால் வீங்கும், நெஞ்சுக்கு வேலை இருக்காது. லண்டனில் ஜெரி மோரிஸ் என்ற டாக்டர் இரண்டு மாடி பஸ்களின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு 1953இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரே பஸ், ஒரே சம்பளக்காரர்கள் மாதிரிதான். ஆனால் நாள் பூரா மாடி ஏறி இறங்கின கண்டக்டர்களுக்கு மாரடைப்பு தெளிவாகக் குறைவு, உட்கார்ந்தே ஓட்டினவர்களுக்கு அதிகம். நாம் நிற்கிறோமே தவிர, அந்தக் கணக்கில் டிரைவர் பக்கம்தான்.

அது நெஞ்சுக்குச் சொன்னது. மனசுக்கு இன்னொரு விஷயம் இருக்கிறது. பிழைப்புக்காக உடம்பை வருத்துவதும், தானாக விரும்பி ஓய்வு நேரத்தில் உடம்பை அசைப்பதும் மனசுக்கு ஒன்றல்ல என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். விரும்பி நடப்பவர்கள், விளையாடுபவர்கள், நீந்துபவர்களிடம் மனநலம் நன்றாக இருக்கிறது. வேலையில் படும் உடல் பாட்டுக்கு அந்தப் பலன் தெரியவில்லை, சில இடங்களில் தலைகீழாகக்கூட இருக்கிறது. ஏன் என்று கேட்டால் நான் என் அனுபவத்தைத்தான் சொல்ல முடியும். மூட்டை தூக்கும்போது நான் மூட்டையைப் பற்றி நினைக்கிறேன், லோடுக்காரனுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை நினைக்கிறேன். குறுக்குத்துறை ரோட்டில் நடக்கும்போது யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

நடந்தேன். முதல் வாரம் வேண்டாவெறுப்பாகத்தான். காலை 5 மணிக்கு, இருட்டில். கெண்டைக்கால் வலி, தெருநாய், மனசெல்லாம் கடையில் பால் பாக்கெட். ரெண்டாவது வாரம் மழை என்று சாக்குச் சொல்லி மூணு நாள் போகவில்லை. மூணாவது வாரத்தில் ஒரு நாள் முழித்துப் பார்த்தால் மணி நாலே முக்கால். 3 மணி முழிப்பு வரவில்லை! இதை ஒரு பெரிய அதிசயமாக என் மனைவியிடம் சொன்னேன், அவள் குறட்டை சத்தத்திலேயே தெரிந்தது என்றாள்.

போகப்போக நடை நீண்டது. குறுக்குத்துறை முருகன் கோயில் வரைக்கும் போய், ஆற்றில் இறங்கி முங்கிவிட்டு வருவேன். வெள்ளம் வந்தால் அந்தக் கோயில் மூழ்கும், உற்சவரை மட்டும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்வார்கள், வடிந்ததும் சேற்றைக் கழுவித் திரும்பக் கொண்டுவருவார்கள். எத்தனை வருஷமாக அதைப் பார்க்கிறோம்! தண்ணீரைப் பார்த்தாலே நெஞ்சு படபடத்த எனக்கு, அதே தண்ணீரில் தினமும் முங்கி எழுந்தது மாத்திரைக்குச் சமமான வேலையைச் செய்தது. (நகருக்குள் வர வர ஆற்றில் கலக்கிற சாக்கடையைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும். இப்போது வேண்டாம், ரத்தம் கொதிக்கும்.)

நாலு மாதம் கழித்து ஒரு நாள் 25 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தரையிலிருந்து தூக்கி மேல் தட்டில் வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது, இடையில் நிற்கவில்லை, முனகவில்லை. யாரும் பார்க்கவில்லை. கடைப்பையன் மட்டும் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இன்னொண்ணும் இருக்கு" என்றான். சந்தோஷம் என்று ஒன்று இருந்தது ஞாபகம் வந்தது அன்றைக்குத்தான். உடம்பில் பலம் ஏறும்போது வருகிற தெம்பு, பணம் வரும்போது வருகிற தெம்பு மாதிரி இல்லை. இதற்கு வட்டி கட்ட வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் உடம்பில் ஊறும் ஒரு ஹார்மோன்தான் காரணம் என்று வாட்ஸப்பில் வரும். அவ்வளவு எளிதில்லை. தூக்கம் சரியாகிறது, மூளைக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது, நாலு மனிதர் முகம் பார்க்கிறோம், நினைத்ததைச் செய்து முடித்தோம் என்ற எண்ணம் வருகிறது. எல்லாம் சேர்ந்த கூட்டு அது, ஒரு பொடியைத் தனியாக எடுத்துக் காட்ட முடியாது.

என் ஒருத்தன் கதை என்று தள்ள வேண்டாம். நார்வேயில் ஏறக்குறைய 34,000 பேரை 11 வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம் உடற்பயிற்சி எல்லாரும் செய்திருந்தால், புதிதாக வந்த மனச்சோர்வில் 12 சதவீதம் வராமலே இருந்திருக்கும் என்று கணக்குச் சொன்னார்கள். நாளைக்கு அல்ல, வாரத்துக்கு ஒரு மணி! வேகமாகச் செய்தார்களா பைய செய்தார்களா என்பதுகூடப் பெரிய வித்தியாசம் தரவில்லை. பதற்றத்துக்கு மட்டும் அந்த ஆய்வில் பலன் தெரியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 2024இல் 218 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து எழுதினார்கள்; 14,000 பேருக்கு மேல். நடை, ஓட்டம், யோகா, எடை தூக்கும் பயிற்சி எல்லாமே மனச்சோர்வைக் குறைப்பதில் நல்ல பலன் காட்டின. சோதனைகளின் தரம் எல்லாம் ஒரே சீராக இல்லை என்று அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள். நல்ல வியாபாரி அப்படித்தான் சொல்வான்.

ஒரு விஷயம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நான் நடந்ததால் மாத்திரையை நிறுத்தவில்லை. டாக்டர்தான் படிப்படியாகக் குறைத்தார். நடக்கக்கூட முடியாமல் படுத்தே கிடக்கிற மனுஷனிடம் போய் "நடவே, சரியாயிரும்" என்று சொல்வது பாவம். அவனுக்கு முதலில் டாக்டர், அப்புறம்தான் செருப்பு. யாரிடமும் முகம் காட்டக் கூச்சமாக இருந்தால் 14416க்குப் போன் போடலாம், அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

சரி, இனிமேல்தான் என் குட்டு வெளிப்படுகிறது. நான் நடந்த முதல் ரெண்டு மாதமும் காலையில் கடையைத் திறந்தது யார் என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் மனைவிதான். சமையலையும் பார்த்துக்கொண்டு, பால் ட்ரேயையும் இறக்கிவைத்துக்கொண்டு. ஒரு நாள் நான் முங்கின ஈரத்தோடு, பெரிய வீரன் மாதிரி வந்து நிற்கிறேன். அவள் சில்லறையை எண்ணிக்கொண்டே, "ஒங்க நடைக்கு நான் கடை திறக்கேன். என் நடைக்கு யாரு திறப்பா?" என்று கேட்டாள். பதில் இல்லை. அவளுக்கும் முட்டி வலி, அவளும்தான் அந்த வெள்ளத்தைப் பார்த்தாள். டாக்டரிடம் என்னைக் கூட்டிப்போனவளை யாரும் கூட்டிப்போகவில்லை.

அதிலிருந்து பிறந்ததுதான் நான் சொல்ல வந்த யோசனை. எங்கள் தெருவில் மூணு மளிகைக் கடை. மூணு பேரும் காலை 5 மணிக்கே திறப்பது எதற்கு? அடுத்தவன் திறக்கிறானே என்பதற்காக. 5 மணியிலிருந்து ஆறரை வரைக்கும் விற்பது பால், காப்பிப்பொடி, சீனி, ஒரு தீப்பெட்டி. ஒரு மாதம் கணக்கு எழுதிப் பார்த்தேன். அந்த ஒன்றரை மணி நேரத்து லாபம் ஒரு நாளைக்கு ரூ.150ஐத் தாண்டவில்லை. அதற்காக மூணு குடும்பம் தூக்கத்தையும் மேலையும் விற்றுக்கொண்டிருந்தோம்.

மூணு பேரும் உட்கார்ந்து பேசினோம். சண்டை வந்தது, மறைக்கவில்லை. ஒருத்தர் "என் வாடிக்கை உன் கடையில ஒட்டிக்கிட்டா?" என்றார். நியாயமான பயம்தான். கடைசியில் முறை வைத்தோம். திங்களும் வியாழனும் ஒருவர், செவ்வாயும் வெள்ளியும் ஒருவர், புதனும் சனியும் நான். ஞாயிறு வாராவாரம் மாறும். முறைக்காரர் மட்டும் 5 மணிக்குத் திறப்பார், பால் மொத்தமும் அவர் வாசலில்தான் இறங்கும், அன்றைய பால் லாபம் அவருக்கே. மற்ற ரெண்டு பேரும் ஆறரைக்குத் திறப்போம். ஆளுக்கு வாரத்தில் குறைந்தது நாலு காலை சொந்தம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று 2020இல் சொன்ன கணக்கு அந்த நாலு காலையிலேயே அடங்கிவிடும். ஏழு மாதமாக ஓடுகிறது. ஒட்டிக்கொண்ட வாடிக்கை என் கடையில் ரெண்டு, என்னிடமிருந்து போனது மூணு. இதற்காக யாரும் தூக்கில் தொங்கவில்லை. என் மனைவியும் பக்கத்துக் கடை மயினியும் செவ்வாய், வெள்ளியில் சேர்ந்து நடக்கிறார்கள். என்னைவிட வேகம்.

இந்த முறையை நம்ம எல்லாத் தெருவுக்கும் கொண்டுவர வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். சங்கம் ஒரு தீர்மானம் போட்டால் போதும், அடுத்தவன் திறப்பானே என்கிற பயம் பாதி போய்விடும்.

கடைப்பையன்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வாரத்துக்கு ஒரு நாள் முழு விடுமுறை என்பது 1947லேயே சட்டமாக வந்தது. உட்கார ஸ்டூல் கொடுக்க வேண்டும் என்று 2021இல் திருத்தம் வந்தது. எத்தனை கடையில் ஸ்டூல் இருக்கிறது, அதில் பையன் உட்கார்ந்தால் எத்தனை அண்ணாச்சி முறைக்காமல் இருக்கிறோம், அவரவர் நெஞ்சைத் தொட்டுக்கொள்ளலாம். நான் கை ஓங்கின பையன் இப்போது ஞாயிற்றுக்கிழமை கபடிக்குப் போகிறான். திங்கட்கிழமை முட்டியில் சிராய்ப்போடு வந்து, கேட்காமலே கடையைப் பெருக்குகிறான்.

அடுத்த கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிஷம் பேச நேரம் கொடுங்கள். மூணு கடை முறைக்கணக்கை நோட்டோடு கொண்டுவருகிறேன். இந்தத் தடவை பிளாஸ்டிக் உறை போட்ட நோட்டு. இன்னொன்று, கூட்டத்தை வழக்கம்போல ராத்திரி பதினொரு மணிக்கு வைக்காதீர்கள். ஞாயிறு மத்தியானம் 3 மணி என்றால் வீட்டம்மாமாரும் வருவார்கள். புதன் அல்லது சனி முறை மட்டும் எனக்கு மாற்றிவிடாதீர்கள், மற்ற நாள் காலையில் நான் ஆற்றில் இருப்பேன்.

இப்படிக்கு,
மீனாட்சிபுரம் மளிகைக் கடைக்காரன்